புழு வூட்டு மழை

தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு மூளைப் பயிற்சிக்குப் போன ஆள் தர்மபுரி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மண்டையில் ஒயர் ஒட்டுவார்கள் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னதும், என் மாமியார் வேறு எதையும் கேட்கவில்லை. "மண்டையில கரண்டு வெச்சா சூடேறாதா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையிலிருந்து கோர்ட்டுக்குப் போகிற பெரியவர் வரைக்கும் உச்சியில் எண்ணெய் வைத்துத்தான் அனுப்புவார்கள். அத்தை ஊற்றித் தேய்த்த எண்ணெய் காதோரம் வழிந்து ரவிக்கைக் கழுத்தை நனைத்தது. அப்படியே மொரப்பூரில் பஸ் ஏறினேன்.

தர்மபுரியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அந்த அறை இருந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் சேலத்திலிருந்து வந்து போகிறவள். முப்பது வயதுகூட இருக்காது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் தலையில் துடைத்தாள். பஞ்சு பிசுபிசுவென்று வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள். பிறகு பசை தடவி, சட்டைப் பொத்தான் அளவில் இருந்த சென்சாரை ஒட்டினாள். அது வழுக்கிக்கொண்டு காதுப் பக்கம் இறங்கியது. மறுபடி ஒட்டினாள், மறுபடி இறங்கியது. கம்ப்யூட்டரில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின.

"அக்கா, எண்ணெ வெச்சிருக்கீங்களா?"

"கொஞ்சமா."

சிரிப்பை அடக்கிய அடக்கில் அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இது கரண்டு குடுக்காதுங்க்கா. உங்க மூளையில ஏற்கனவே ஓடற கரண்டப் படிக்கும், அவ்ளோதான். எண்ணெ இருந்தா படிக்க முடியாது. அடுத்த தடவ தலைக்கு ஊத்திக்கிட்டு எண்ணெ வெக்காம வாங்க."

போன காரியம் நடக்காமல் கீழே இறங்கி வந்து பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கித் தின்றேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

அந்த மாடிக்கு எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பட்டுப்புழுதான் பிழைப்பு. மொரப்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊரில், மல்பெரித் தோட்டத்துக்கு நடுவே நீளமாக ஒரு கட்டடம். அதைப் புழு வூடு என்போம். நாங்கள் குடியிருக்கிற வீட்டைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம். செருப்பு, பவுடர், கொசுவத்தி, புகையிலை எதுவும் உள்ளே போகக் கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்பது நானே சேர்த்துக்கொண்ட சட்டம். தோட்டம் என் வீட்டுக்காரருடையது, புழு வூடு என்னுடையது. அவர் தழை வெட்டிக்கொண்டு வருவார், நான் போடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் புழுவைப் பார்த்து அலறியவள்தான் நான். பிறகு எந்தத் தட்டில் புழுவுக்கு உடம்பு சரியில்லை என்று வாசலில் நின்றே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பட்டுப்புழு வளர்கிறபோது நாலு தடவை சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கி அசையாமல் நின்று தோல் உரிக்கும். அதைத் தூக்கம் என்று சொல்வோம். கடைசித் தூக்கம் முடிந்து எழுந்திருக்கிற புழுவின் பசி சாதாரணப் பசி இல்லை. அத்தனை வாயும் ஒன்றாகச் சேர்ந்து தழையை அரைக்கிற சத்தம், ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரியே கேட்கும். வானம் பார்த்த எங்கள் பூமியில் மழையைவிட அந்த மழையைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். வேலை முடிந்த பிறகும் அதற்காகவே உள்ளே நிற்பேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் காட்டில் மருந்து அடிப்பதாக இருந்தாலும், முதல் நாளே எங்கள் வேலியோரம் வந்து குரல் கொடுத்துவிடுவார்கள். "நாளைக்கு மருந்து அடிக்கறோமுங்க" என்றால் போதும், நாங்கள் வேண்டிய தழையை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்வோம். பக்கத்துக் காட்டைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர் ஏரியூர்ப் பக்கத்துக்காரர். அவர் இருந்த இடத்தில் புழு வளர்க்கிறவர்கள் இல்லை, அதனால் இந்த வழக்கமும் இல்லை. தக்காளிக்கு மருந்து அடித்தார். காற்று எங்கள் பக்கம் வீசியது. மறுநாள் காலையில் வெட்டி வந்த தழையை நான்தான் போட்டேன். மத்தியானம் கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

குத்தகைக்காரரை நான் திட்டிய திட்டு மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தெரியாம போச்சுங்கம்மா" என்றார். அது பொய் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தெரியாமல் செய்தவரை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? கோபம் அன்றைக்கே இறங்கிவிட்டது. சத்தமில்லாத அந்த மத்தியானம் மட்டும் என்னை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த தடவை புழு வாங்கி வந்தபோது கதவில் கை வைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது, மூச்சு பாதியில் நின்றது. மாரடைப்பு என்று பயந்து அரூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈசிஜி நன்றாக இருந்தது. மறுநாள் மறுபடி கதவு, மறுபடி அதே அடி. முதலில் கதவைத் தொட்டால் வந்தது, பிறகு பார்த்தாலே வந்தது, பிறகு விடிந்தால் பார்க்க வேண்டுமே என்று நினைத்தாலே வந்தது. மந்திரித்த கயிறு கட்டினோம், மிளகாய் சுற்றிப் போட்டோம். கடைசியில் தர்மபுரியில் மனநல டாக்டர்தான் இது இருதயத்து வியாதி இல்லை, பயம் பிடித்துக்கொண்ட உடம்பு என்று விளக்கிச் சொல்லி மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. கதவுக்குள் மட்டும் என்னால் போக முடியவில்லை.

வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். தழையும் வெட்டி, புழுவுக்கும் போட்டு, ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்டு மெலிந்துபோனார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "தை பொறந்ததும் மல்பெரியப் புடுங்கிட்டு குச்சிக்கெழங்கு நட்டரலாம். நீ ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம்."

மரவள்ளி நட்டால் புழு வூடே தேவையில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, என்னைக் கேக்காம என் தோட்டத்தப் புடுங்குவீங்களா?" என்று கத்தினேன். அவருடைய தோட்டம் என் தோட்டமாக மாறியது அந்த நிமிடத்தில்தான். அவர் எழுந்து கை கழுவப் போனார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரே சொல்லும். எனக்குத் தை பிறந்தால் இருந்த வழியும் அடைபட்டுவிடும் போலிருந்தது.

அடுத்து டாக்டரிடம் போனபோது அழுதுவிட்டேன். தைக்குள் அந்தக் கதவைத் தாண்ட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றேன். அவர்தான் நியூரோஃபீட்பேக் என்ற பயிற்சியைப் பற்றிச் சொன்னார். "எல்லாருக்கும் பலன் தரும்னு சொல்ல மாட்டேன். இதுல டாக்டர்ங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்குது. மாத்திரைய விடாம, இதையும் செஞ்சு பாருங்க" என்றார். அடித்துச் சத்தியம் பண்ணாத மனிதர் என்பதால் நம்பினேன். அதன் பிறகுதான் அந்த விளக்கெண்ணெய்க் கூத்து.

இரண்டாம் தடவை ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்றி, முடி பறக்கப் பறக்கப் போனேன். சென்சார் ஒழுங்காக ஒட்டிக்கொண்டது. காதில் கிளிப் மாட்டி, ஹெட்போன் வைத்தாள். எதிரே திரையில் ஒரு குளம், அதன் மேல் பனிமூட்டம். மூளை அமைதியாக ஓடினால் பனி விலகும், காதில் ஒரு சத்தம் கேட்கும். பதற்றம் ஏறினால் பனி மூடும், சத்தம் நின்றுவிடும். இதைப் பார்த்துப் பார்த்து மூளை தானாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ளுமாம்.

நான் கண்ணை உருட்டிப் பார்த்தேன், பல்லைக் கடித்தேன். பனி கெட்டியானது.

"முயற்சி பண்ணாதீங்க்கா."

"முயற்சி பண்ணாம இருக்கறதுக்கா கண்ணு பஸ் ஏறி வந்தேன்?"

"பல்லக் கடிச்சா அதுவும் கோட்டுல வருதுங்க்கா. சும்மா பாருங்க."

சும்மா இருப்பது எத்தனை கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தேன். அப்போது பனி லேசாக விலகியது. காதில் சத்தம் தொடங்கியது. மழை. பொடித் தூறல், ஓட்டின் மேல் விழுகிற மாதிரி. என் உடம்பு இறுகியது. இறுகியவுடன் மெஷின் தன் வேலையைச் செய்தது, பனி மூடிக்கொண்டது, சத்தம் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் நான் புழு வூட்டு வாசலில் நின்றேன். அதே மத்தியானம். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன், ஒயர்கள் முடியோடு இழுத்தன, மூச்சுக்குத் திணறினேன். அந்தப் பெண் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். நிஜ மழை பெய்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, வாசலில் நின்று பார்த்தால் அது மழைதான். கண்ணுக்குத் தெரியாமல் காதுக்குள் மட்டும் கேட்டால் அது புழு தின்கிற சத்தம். அது நின்றுபோனால் எல்லாம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அவள் ஹெட்போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "எல்லாருக்கும் மழை புடிக்கும்னு நெனச்சு வெச்சிருந்தேங்க்கா. இத நான் மொதல்லயே உங்கள கேட்டிருக்கணும்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வழக்கம் தெரியாதவர்களை ஒரு தடவை திட்டித் தீர்த்தாகிவிட்டதே.

அதற்குப் பிறகு சத்தத்தை எடுத்துவிட்டுக் குளத்தை மட்டும் வைத்தாள். ஐப்பசியும் கார்த்திகையும் இப்படிப் பஸ்ஸும் மாடியும் குளமுமாகப் போயின. முன்பு பட்டுக்கூடு விற்க மார்க்கெட்டுக்குப் போன அதே பஸ்தான். மடியில் ஒன்றும் இல்லாமல் போக முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. சில நாள் பனி விலகும், சில நாள் முறுக்கிக்கொண்டு நிற்கும். விலகாத ஒரு நாளில்தான் எனக்குப் புழுவின் தூக்கம் ஞாபகம் வந்தது. தூங்குகிற புழுவுக்குத் தழை போடக் கூடாது, தொடவும் கூடாது. என் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. பாவம் பசியோடு நிற்கிறதே என்று ஒரு கொத்துத் தழையைத் தூக்கிக்கொண்டு வருவார், நான் பிடித்துத் தள்ளுவேன். இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானே என் தலைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அமைதியாக இரு, அமைதியாக இரு என்று தழையைத் திணித்துக்கொண்டே இருந்தேன். திணிப்பதை விட்டேன். தலையைத் தூக்கி நிற்கிற புழு மாதிரி அப்படியே உட்கார்ந்தேன். குளம் கரை வரைக்கும் தெரிந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். மாத்திரையும் கூடவே இருந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் வித்தியாசம் தெரிந்தது. விடியலில் கண் விழித்ததும் நெஞ்சு தடதடப்பது நின்றது. கதவைப் பார்க்க முடிந்தது. தழைக் கட்டை வாசல் வரைக்கும் சுமந்து வந்து அவரிடம் கொடுக்க முடிந்தது. "மிசினு வெச்சதுல மருமவளுக்கு எல்லாம் கொறஞ்சிருக்குது, வாய் மட்டுந்தான் கொறயல" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் தர்மபுரியிலிருந்து திரும்பி வந்தால், வேலியோரம் குச்சிக்கிழங்குக் குச்சிகள் கட்டுக் கட்டாகச் சாத்தி வைத்திருந்தன. அவர் சொன்னதைச் செய்கிறவர். உள்ளே கடைசித் தடவையாக வாங்கிய புழு வளர்ந்துகொண்டிருந்தது. இதுவும் கூடு கட்டி முடித்துவிட்டால் மல்பெரி வேரோடு போய்விடும். அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்துவதற்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

மாடியில் அந்தப் பெண்ணிடம் நானே கேட்டேன், "கண்ணு, அந்த மழைய மறுபடி வெக்கறியா? உன்னோட மழை வேண்டாம். எங்க புழுவோட சத்தத்தையே கொண்டாந்தா வெக்க முடியுமா?" அவள் யோசித்தாள். முடியாத பட்சத்தில் உடனே நிறுத்திவிடுவதாகச் சொல்லி, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சரி என்றாள்.

புழு கடைசித் தூக்கத்திலிருந்து எழுந்த மறுநாள், செல்போனை வீட்டுக்காரரிடம் கொடுத்து, தழை போட்ட பிறகு ரெக்கார்டு பண்ணி ஸ்டேண்டு மேல் வைத்துவிடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிப் போனார். நான் கேட்டுப் பார்க்காமல் அப்படியே தர்மபுரிக்கு எடுத்துப் போனேன்.

பனி விலகியது, சத்தம் தொடங்கியது. என் புழுக்கள். உடம்பு இறுகியது, சத்தம் நின்றது. பழைய அமைதி. உள்ளங்கை வேர்த்தது. ஆனால் இந்தத் தடவை ஒன்று தெரிந்திருந்தது. இப்போது இந்த நேரத்தில் அவை அங்கே தின்றுகொண்டுதான் இருக்கின்றன. நின்றது மெஷின்தான், புழு இல்லை. நான் எதையும் திணிக்காமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் திரும்பி வந்தது. மறுபடி நின்றது, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது.

பிறகு அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருப்பதை என் வீட்டுக்காரர் மறந்துபோயிருக்கிறார். தட்டுத் தட்டாகத் தழையைச் சரி செய்துகொண்டே புழுக்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். என்னிடம் ஒரு நாளில் பேசுவதைவிட அதிகமாகவே பேசினார்.

"தின்னுங்க சாமிங்களா, நல்லா தின்னுங்க. அவ வந்துருவா. இன்னக்கி இல்லைன்னா நாளக்கி வருவா. அவ வர்ற வரைக்கும் எங்கையாலதான் திங்கோணும், பொறுத்துக்கங்க. எனக்கு மட்டும் புடுங்கறதுக்கு மனசு வருதா என்ன? அவ நோவறதப் பாக்க முடியல, அதான்."

கண்ணீர் மளமளவென்று கொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதுவும் புழுவிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. திரையில் கோடுகள் எகிறின.

"அழுதா சிக்னல் கெட்டுருங்க்கா," என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல, இன்னக்கி கெடட்டும்."

மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு, தழைக் கட்டைத் தூக்கிக்கொண்டு புழு வூட்டு வாசலுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். கதவில் கை வைத்தேன். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். ஓடவும் இல்லை, தள்ளவும் இல்லை. அடி கொஞ்சம் தணிந்ததும் கதவைத் திறந்தேன். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கண் தட்டுகளின் மேல் போனது. தண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக எறிந்து வைத்திருந்தார், ஓரத்துப் புழுக்களுக்குத் தழையே எட்டவில்லை, கீழ்த்தட்டில் கழிவு எடுத்து எத்தனை நாளாயிற்றோ. பின்னால் காலடி கேட்டது. அவர் அடுத்த தழைக் கட்டோடு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்க, இப்பிடியா தழை போடறது? கண்ணு தெரியுதா உங்களுக்கு? இது புழு வூடா, வெறகு அடுக்கற எடமா?" நான் போட்ட சட்டத்தை நானே மறந்து, அந்த வீட்டில் அதுவரை யாரும் எழுப்பாத குரலில் கத்தினேன்.

அவர் தழையை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "அம்மா, அவ உள்ள போயிட்டா."

"கேக்குது, கேக்குது" என்றார் மாமியார்.

தை பிறந்ததும் குத்தகைக்காரர் வந்து அந்தக் குச்சிக் கட்டுகளைத் தன் காட்டுக்கு எடுத்துப் போனார். போகும்போது வேலியோரம் நின்று, நாளைக்கு மருந்து அடிக்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு மல்பெரி வெட்டப் போனேன்.